பெடல் ஸ்டீல் கிட்டார்: அந்த 'அழுகை' ஒலிக்குப் பின்னால் இருந்த பட்டறைக்காரர்! யார் இந்த பால் பிக்ஸ்பி?

பழைய அமெரிக்க கன்ட்ரி பாடல்களில் ஒரு கிட்டார் விம்மி விம்மி அழுகிற மாதிரி வழுக்கிக்கொண்டே போகும், கவனிச்சிருக்கீங்களா? அதுதான் பெடல் ஸ்டீல் கிட்டார். அதை நம்பி வாசிக்கிற கருவியாக மாற்றியவர்களில் முக்கியமானவர் பால் பிக்ஸ்பி. மேடைக் கலைஞர் இல்லை, பட்டறைக்காரர்.

பைக் டு கிட்டார்

1899-ல் இலினாய் மாகாணத்தில் பிறந்த பிக்ஸ்பிக்கு, உலோக வார்ப்புக்கான அச்சு செய்வதுதான் தொழில். லாஸ் ஏஞ்சல்ஸின் க்ராக்கர் மோட்டார் சைக்கிள்களுக்குப் பாகங்கள் வடிவமைத்தவர். பைக், கன்ட்ரி இசை ரெண்டுமே உயிர்.

1940-களில் கிட்டார் கலைஞர் மெர்ல் டிராவிஸ், சுதி நிற்காத ஒரு வைப்ரட்டோ கைப்பிடியைச் சரிசெய்யக் கொண்டுவந்தார். பழுது பார்த்தும் சரிப்படவில்லை. பிக்ஸ்பி புதிதாக ஒன்றையே செய்துவிட்டார். அந்த 'பிக்ஸ்பி வைப்ரட்டோ' இன்றும் விற்பனையில் இருக்கு.

டியூனிங்கில் என்ன சிக்கல்?

சாதாரண கிட்டாரில் முறுக்காணியைத் திருப்பினால் முடிந்தது. இதில் அப்படி இல்லை. பெடலை மிதித்தால் குறிப்பிட்ட கம்பிகள் சரியான சுரத்துக்கு ஏறணும். விட்டால் பழைய இடத்துக்கே திரும்பணும். இணைப்பில் துளி ஆட்டம் இருந்தாலும் சுதி போச்சு. மிதிக்கும்போது கருவியின் உடலே மயிரிழை வளைந்து, மற்ற கம்பிகள் இறங்கும்.

இன்றைய 10 கம்பி கருவியில் பொதுவாக 3 பெடல்கள், முழங்காலால் தள்ளும் 4 அல்லது 5 நெம்புகோல்கள். முதலில் பெடலைத் தொடாமல் கம்பிகளைச் சேர்க்கணும். பிறகு ஒவ்வொரு பெடலாக மிதித்துப் பிடித்தபடி, ஓரத்தில் உள்ள நட்டுகளைத் திருப்பணும். பாதி காது வேலை, பாதி மெக்கானிக் வேலை.

திருப்புமுனை

பெடல் யோசனை பிக்ஸ்பியுடையது இல்லை, கிப்சன் போன்றவர்கள் முன்பே முயன்றிருந்தார்கள். ஆனால் பாகங்களைத் தானே அலுமினியத்தில் வார்த்து, வாசிப்பவரின் தேவைக்கேற்ப ஒவ்வொன்றாகச் செய்தவர் இவர். 1948-ல் ஸ்பீடி வெஸ்டுக்கு ஒரு பெடல் ஸ்டீல் செய்துகொடுத்தார்.

1954-ல் வெப் பியர்ஸின் 'ஸ்லோலி' பாடல் ஹிட்டானது. அதில் பட் ஐசக்ஸ், கம்பி ஒலித்துக்கொண்டிருக்கும்போதே பெடலை மிதித்தார். அவர் வாசித்தது பிக்ஸ்பி கருவி. அந்த ஒலி எல்லோருக்கும் வேணும்னு ஆச்சு!

ஆனால் பிக்ஸ்பி பட்டறையைத் தொழிற்சாலையாக்கவில்லை. ஆர்டர் கொடுத்தவர்கள் காத்திருந்தார்கள். அந்த இடைவெளியில் ஃபெண்டர், ஷோ-பட் போன்ற பெயர்கள் சந்தையைப் பிடித்தன. கைவேலையின் தரத்தை விடாததற்கு அவர் கொடுத்த விலை அது. உடல்நலம் குன்ற, 1960-களின் நடுவில் நிறுவனத்தை டெட் மெக்கார்ட்டியிடம் விற்றார். 1968-ல் காலமானார்.

இப்போ என்ன பயன்?

பெடல் ஸ்டீல் வாங்கி, சுதி நிற்கலைன்னா உடனே உங்க காதைச் சந்தேகிக்காதீங்க. கம்பி பழசா, இணைப்புத் தண்டுகளில் ஆட்டம் இருக்கா, பெடல் முழுசா திரும்புதான்னு பாருங்க. அதுக்கும் மேல, இந்தக் கருவியைப் பிரித்துப் பழகியவரிடமே கொடுங்க. டிராவிஸும் அதைத்தான் செய்தார்.