கிரகாம் பெல்லின் மற்றொரு கருவி

தொலைபேசி தந்த அலெக்சாண்டர் கிரகாம் பெல்லை நாம் அறிவோம். 1847இல் ஸ்காட்லாந்தின் எடின்பர்க் நகரில் பிறந்த அவர், அமெரிக்காவில் காது கேளாதோர்க்கு ஆசிரியராய்த் தொண்டாற்றியவர்.

1881 ஜூலையில் அமெரிக்க அதிபர் கார்ஃபீல்டு சுடப்பட்டார். உடலுள் புதைந்த குண்டு இருக்குமிடம் மருத்துவர்க்குப் புலப்படவில்லை. பெல் மின்கம்பிச் சுருள்களையும் தொலைபேசிச் செவிக்குழலையும் இணைத்து ஒரு கருவி அமைத்தார். உலோகத்தை நெருங்கினால் குழலில் ஓசை எழும். ஆயினும், மெத்தையின் எஃகுக் கம்பிகள் ஓசையைக் குழப்பின. தலைமை மருத்துவர் வலப்புறத்தை மட்டுமே சோதிக்க இசைந்தார். குண்டோ இடப்புறம் இருந்தது. செப்டம்பர் 19இல் அதிபர் உயிர் நீத்தார்.

பெல் 1922இல் மறைந்தார். இன்று மின்குறிகளை எண்களாக்கிக் கணிக்கும் கருவிகள் வந்துள்ளன. எனினும், உலோகத்தை முதலில் உணர்வது கம்பிச் சுருளே. தோற்ற முயற்சியும் வீண்போகாது என்பதை நாம் உணர்வோமாக!