கைவிளக்கு தெரியும்... நைட்டிங்கேலின் கணக்கு நோட்டு தெரியுமா?

ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல்னு சொன்னதும் ஞாபகத்துக்கு வர்றது, பள்ளிக்கூடப் புத்தகத்துல பார்த்த அந்தக் கைவிளக்குதான். அவர் பிறந்த மே 12-ஐத்தான் உலக செவிலியர் தினமாகக் கொண்டாடுகிறோம். ஆனா, அவர் விளக்கோடு வார்டில் நடந்தது இரண்டு வருஷத்துக்கும் குறைவு. அதுக்கப்புறம் பல வருஷங்கள் அவர் கையில் இருந்தது பேனாவும் புள்ளிவிவரமும்தான். அரசாங்கம் செய்யும் ஒரு காரியம் உண்மையிலேயே பலன் கொடுக்குதான்னு டேட்டாவை வெச்சுக் கேட்ட முன்னோடி அவர்.

கணக்குல ஆசை

1820-ல் இத்தாலியின் ஃப்ளாரன்ஸ் நகரில் பிறந்ததால், அந்த ஊர்ப் பெயரையே வெச்சாங்க. வசதியான ஆங்கிலேயக் குடும்பம். அப்பாவே வீட்டில் பாடம் சொல்லிக்கொடுத்தார். சின்ன வயசிலிருந்தே கணக்கு என்றால் உயிர். நர்ஸ் ஆகணும்னு சொன்னப்போ வீட்டில் பெரிய எதிர்ப்பு. நல்ல குடும்பத்துப் பெண்கள் செய்யும் வேலையாக அதை அன்று யாரும் நினைக்கவில்லை. அவர் பின்வாங்கலை.

கிரிமியப் போர் நடந்துகொண்டிருந்த 1854 நவம்பரில், 38 பெண்களோடு ஸ்குடாரி ராணுவ மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார். இன்றைய இஸ்தான்புல்லின் ஒரு பகுதி அது. எங்கே பார்த்தாலும் அழுக்கு, நாற்றம், நெரிசல். சுத்தமான துணி, நல்ல சாப்பாடு, ராத்திரி ரவுண்ட்ஸ்னு ஓய்வே இல்லாமல் உழைத்தார்.

சாவு குறையவில்லை!

கதையில் யாரும் சொல்லாத இடம் இதுதான். அவர் வந்த பிறகும் அந்தக் குளிர்காலத்தில் மரணங்கள் ஏறிக்கிட்டே போச்சு. 1855 ஜனவரியில் மட்டும், அந்தப் போரில் இருந்த பிரிட்டிஷ் ராணுவத்தில் போர்க்காயத்தால் இறந்தவர்கள் 83 பேர். காலரா, வயிற்றுப்போக்கு, காய்ச்சல் போன்ற நோய்களால் இறந்தவர்கள் 2,761 பேர். மற்ற காரணங்களால் 324 பேர்.

மார்ச் மாதம் லண்டனிலிருந்து ஒரு சுகாதாரக் குழு வந்தது. மருத்துவமனைக்கு அடியில் தேங்கிக் கிடந்த சாக்கடையைச் சுத்தம் செய்தார்கள். தண்ணீர் வரும் பாதையில் செத்துக் கிடந்த குதிரையை அப்புறப்படுத்தினார்கள். காற்றோட்டம் வர வழி செய்தார்கள். அடுத்த சில மாதங்களில் மரணங்கள் மளமளவெனக் குறைந்தன.

1856-ல் ஊர் திரும்பியபோது நைட்டிங்கேல் ஒரு தேசிய ஹீரோயின். அந்தப் புகழை அனுபவிச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம். ஆனா, புள்ளியியல் நிபுணர் வில்லியம் ஃபாருடன் சேர்ந்து மரணக் கணக்குகளைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தார். அன்பான கவனிப்பு மட்டும் சிப்பாய்களைக் காப்பாற்றவில்லை, சாக்கடையும் தண்ணீரும் சரியானதுதான் பெரிய மாற்றம் என்று எண்கள் காட்டின. தன்னைச் சுற்றி எழுந்த கதைக்கே எதிரான உண்மை. அதை மறைக்காமல் ஊருக்குச் சொன்னார்.

ஒரே படம்

நீளமான அட்டவணைகளை அமைச்சர்கள் படிக்க மாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும். அதனால் ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு துண்டு என வட்ட வடிவில் வரைபடம் போட்டார். நீலம் என்றால் தடுத்திருக்கக்கூடிய நோய்; சிவப்பு, காயம்; கறுப்பு, மற்றவை. பார்த்த உடனே நீலம்தான் கண்ணை அறையும். இன்னைக்கு நாம ஸ்க்ரோல் பண்ற இன்ஃபோகிராஃபிக்குக்கு ஒரு பாட்டி மாதிரி!

போரே இல்லாத காலத்திலும் இங்கிலாந்துப் படைமுகாம்களில் இருந்த சிப்பாய்கள், அதே வயதுப் பொதுமக்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு இறப்பதையும் எடுத்துக்காட்டினார். படைமுகாம்களின் சுகாதாரம் சீரமைக்கப்பட்டது. ராணுவ மருத்துவப் புள்ளிவிவரத்துக்குத் தனிப்பிரிவு வந்தது. லண்டன் புள்ளியியல் சங்கத்தின் முதல் பெண் உறுப்பினர் என்ற பெருமையும் அவரைத் தேடி வந்தது.

இந்தியாவுக்கு வராமலே...

அடுத்து இந்தியா. இங்கே வந்ததே இல்லை. ஆனா, இங்கிருந்த ராணுவ நிலையங்களுக்கெல்லாம் கேள்விப் படிவங்கள் அனுப்பித் தகவல் திரட்டினார். இந்தியாவில் இருந்த பிரிட்டிஷ் சிப்பாய்களில் ஆண்டுக்கு 1,000-க்கு 69 பேர் இறந்துகொண்டிருந்தனர். 1863-ல் வெளியான அரசுக் குழுவின் அறிக்கைக்குப் பிறகு சீர்திருத்தங்கள் தொடங்கின. அதோடு விடவில்லை. பத்து வருஷம் கழித்து அதே கணக்கைத் திரும்பவும் எடுத்துப் பார்த்தார். 18 ஆகக் குறைந்திருந்தது.

பிறகு அவர் பார்வை சாதாரண இந்தியர்கள் பக்கம் திரும்பியது. சென்னை மாகாணத்தை உலுக்கிய 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின்போது, பாசனம் வேண்டும் என்று எழுதினார்.

பதில் வராத கேள்விகள்

1891-ல், எழுபது வயதில், விஞ்ஞானி பிரான்சிஸ் கால்டனுக்கு எழுதினார். ஆக்ஸ்ஃபோர்டில் புள்ளியியலுக்கு ஒரு பேராசிரியர் பதவி வேண்டும் என்பது அவர் ஆசை. கல்விச் சட்டம் வந்து 20 வருஷமாச்சு, பள்ளியை விட்ட பிள்ளைகளுக்குப் படித்தது எவ்வளவு நினைவில் இருக்கு? தண்டனை குற்றத்தைக் குறைக்குதா? இந்திய மக்கள் வசதியாகிறார்களா, ஏழையாகிறார்களா? அரசாங்கத்திடம் கட்டுக்கட்டாகப் புள்ளிவிவரம் இருக்கு, அதை வெச்சு யோசிக்கத்தான் ஆள் இல்லை என்பது அவர் ஆதங்கம்.

அந்தப் பதவி அவர் இருந்தவரை உருவாகவே இல்லை. 1910 ஆகஸ்ட் 13-ல், 90 வயதில் மறைந்தார்.

எத்தனை பள்ளி திறந்தோம், எத்தனை பேருக்குக் கொடுத்தோம் என்ற எண்ணிக்கை எல்லா விளம்பரத்திலும் இருக்கும். அதனால் என்ன மாறியது என்பதுதான் நைட்டிங்கேல் கேட்ட கேள்வி. அடுத்த முறை ஒரு திட்டத்தோட சாதனைப் பட்டியல் உங்க போனுக்கு ஃபார்வர்டு ஆகி வந்தா, நீங்களும் அதைக் கேட்டுப் பாருங்க!