செஸ்டர் கார்ல்ஸன் சரித்திரச் சுருக்கம்

அருப்புக்கோட்டையினின்று திருச்சுழிக்குக் கோடைக் காலத்தில் சென்ற நேயர்கள் அந்நாட்டின் வறட்சியை நன்கறிவர். கரிசல் நிலம் வெடித்துக் கிடக்கும். கண்மாய்களில் நீரைக் காண்பது அரிது. காற்றில் எழும் புழுதி பூட்டிய அறைக்குள்ளும் புகும். அப்பகுதியில் பத்திரம் எழுதும் தொழிலில் அமர்ந்துள்ளார் நம் சிற்றப்பனார். சென்ற விடுமுறையில் நாம் அவரிடம் சென்றிருந்தபோது, அவரது சிறிய அலுவலகத்திலிருந்த மைப் பிரிண்டர் இருபது நாள் வேலையின்றிக் கிடந்தமையால், மை உலர்ந்து துளைகள் அடைபட்டு, ஓரெழுத்தும் அச்சிடாது நின்றுவிட்டது. அச்சிடவும் நகலெடுக்கவும் ஸ்கேன் செய்யவும் வல்ல லேசர் யந்திரம் ஒன்றை வாங்கக் கருதிய அவர், கல்லூரியிற் படிக்கும் பிள்ளையாயிற்றே என்று நம்மைக் கலந்தார். தமிழ் கற்கும் நமக்கு யந்திரங்களைப்பற்றி யாது தெரியும்? தெரியாதென்று சொல்ல நாணி, அதன் வரலாற்றைத் தேடிப் படிக்கலானோம். அங்ஙனம் படித்தபோது கண்ட ஒருவரது சரித்திரமே இது. ஜெராக்ஸ் கடைக்குச் செல்லாத மாணவர் நம்மில் ஒருவரும் இரார். அக்கடைகட்கு மூலபுருஷர் யாரென்று அறிந்தாரோ மிகச் சிலர்.

செஸ்டர் கார்ல்ஸன் என்பார் 1906-ம் வருஷம் பிப்ரவரி மாதம் 8-ந் தேதி அமெரிக்காவிலுள்ள ஸியாட்டில் நகரில் பிறந்தார். தந்தையார் முடிதிருத்தும் தொழிலர். க்ஷயமும் கீல்வாதமும் ஒருங்கே பற்றியதால் தொழில் செய்ய இயலாதவரானார். குடும்பம் பிழைப்பைத் தேடி ஊர் ஊராய் அலைந்து, கடைசியில் கலிபோர்னியாவில் தங்கியது. எட்டு வயதிலேயே சிறுவர் கூலி வேலைக்குச் சென்றார். பதினான்காம் பிராயம் முதல் பள்ளிக்கு முன்னும் பின்னும் உழைத்து வீட்டைத் தாங்கியவர் அவரே. பதினேழாம் பிராயத்தில் அன்னையாரையும் க்ஷயத்துக்குப் பறிகொடுத்தார். அக்காலத்தில் ஓர் அச்சுக்கூடத்திலும் அவர் வேலை பார்த்ததுண்டு. வேதியியலில் ஆர்வமுள்ள மாணவர்க்கென ஒரு சிறு பத்திரிகை நடத்த முயன்று, எழுத்துக்களை ஒவ்வொன்றாய்க் கோத்து அச்சிடும் துன்பத்தைத் தாமே அநுபவித்தார். எழுதிய ஒன்றைப் பலர் கையில் சேர்ப்பது இத்துணைக் கடினமோ என்ற வியப்பு அவர் நெஞ்சில் அப்போதே புகுந்தது.

1930-ல் பௌதிகத்தில் பட்டம் பெற்று வெளிவந்தார். பொருளாதார மந்தம் உலகை வாட்டிய காலம் அது. 82 கம்பெனிகளுக்கு விண்ணப்பம் விடுத்தும் ஒன்றேனும் வேலை தரவில்லை. பிறகு பெல் டெலிபோன் ஆராய்ச்சிச் சாலையில் இடம் கிடைத்து, அங்கே காப்புரிமைப் பகுதிக்கு மாறினார். 1933-ல் அவ்வேலையும் போயிற்று. அதன் பின் மின்பொருள்கள் செய்யும் மாலரி கம்பெனியின் காப்புரிமைப் பகுதியில் அமர்ந்தார். இவ்விடத்தை நேயர்கள் சற்று ஊன்றி நோக்கவேண்டும். காப்புரிமை விண்ணப்பத்துக்குப் பிரதிகள் பல தேவை. படங்களுக்கும் பிரதி வேண்டும். பிரதி வேண்டின் மறுபடி தட்டெழுத வேண்டும், அன்றிப் புகைப்படக்காரரிடம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். இரவில் சட்டக் கல்லூரிக்குச் சென்ற அவர், புத்தகம் வாங்கப் பொருளின்றி, நியூயார்க்குப் பொது நூலகத்தில் அமர்ந்து சட்ட நூல்களைக் கையாலேயே பெயர்த்தெழுதினார். கிட்டப்பார்வையுள்ள கண்கள், தந்தையாரை வருத்திய வாதநோய் தம் முதுகிலும் தலைகாட்டியது. ஆராய்ச்சிப் புகழை விரும்பியன்று, கைவலி பொறாதே இவர் இதனைத் தேடினார் என்பது நம் கருத்து.

அவர் கண்ட வழி மிக எளியது. ஒளி பட்டவிடத்து மட்டும் மின்னேற்றத்தை இழக்கும் பொருள்கள் சில உண்டு. அத்தகைய தகட்டில் மின்னேற்றி, எழுத்தின் பிம்பத்தை அதன்மேல் வீழ்த்தினால், எழுத்தின் நிழல் பட்டவிடத்தில் மாத்திரம் மின்னேற்றம் எஞ்சும். அங்கே பொடி ஒட்டும். அப்பொடியைத் தாளுக்கு மாற்றிச் சூடுகாட்டி உருக்கிப் பதிக்கலாம். சமையலறையிலேயே கந்தகத்தை உருக்கித் துத்தநாகத் தகட்டிற் பூசி அவர் சோதனை நடத்தினார். பின்னர் அஸ்டோரியா என்னுமிடத்தில் ஓர் அறையை அமர்த்தி, ஆஸ்திரியாவிலிருந்து அகதியாய் வந்த ஓட்டோ கோர்னை என்ற பொறியியலாளரைத் துணைக்கொண்டார். 1938-ம் வருஷம் அக்டோபர் மாதம் 22-ந் தேதி, தகட்டைக் கைக்குட்டையால் தேய்த்து மின்னேற்றி, அன்றைய தேதியும் ஊர்ப்பெயரும் எழுதிய கண்ணாடித் துண்டை அதன்மேல் வைத்து விளக்கொளி காட்டிப் பொடி தூவினர். எழுத்துக்கள் தெளிவாய்த் தோன்றின. மெழுகுத்தாளை அதன்மேல் அழுத்தி எடுத்ததே முதற் பிரதி.

ஆனால் அப்பிரதியை மதிப்பாரில்லை. 1939 முதல் 1944 வரை இருபதுக்கு மேற்பட்ட கம்பெனிகளின் வாயிலில் நின்றார். கார்பன் தாள் மலிவாய்க் கிடைக்கும் காலத்தில் இவ்வித்தை எதற்கென்றே பலரும் கருதினர். கோர்னை மனந்தளர்ந்து வேறு வேலைக்குச் சென்றார். 1942-ல் காப்புரிமை கிடைத்தும் காசு கிடைக்கவில்லை. 1945-ல் முதல் மணவாழ்வும் முறிந்தது. 1944-ல் பாட்டெல் என்னும் ஆராய்ச்சி நிலையமும், அதன் பின் ராச்செஸ்டர் நகரத்து ஹாலாய்ட் என்ற சிறு கம்பெனியும் கைகொடுத்தன. ஒளியுணர்விற் கந்தகத்தைவிடச் சிறந்த ஸெலீனியம் அப்போது கண்டறியப்பட்டது. 1948-ல் இம்முறைக்கு ஜெராகிராபி என்று கிரேக்க மொழியினின்று பெயரிட்டனர். உலர்ந்த எழுத்து என்பது பொருள். மை உலர்ந்ததால் தொழில் நின்ற நம் சிற்றப்பனார் இப்பெயரைக் கேட்டவுடன் வாய்விட்டுச் சிரித்தார்.

1959-ல் 914 என்னும் யந்திரம் வெளிவந்தது. ஒன்பது அங்குல அகலமும் பதினான்கு அங்குல நீளமுமுள்ள தாளை நகலெடுக்கும் ஆதலின் அப்பெயர் பெற்றது. எடையோ ஏறக்குறைய 294 கிலோ. தாள் உள்ளே சிக்கிச் சூட்டில் தீப்பற்றுவதும் உண்டாம். அதற்கெனத் தீயணைக்கும் கருவியையும் உடன் அளித்தனர். விலை கொடுத்து வாங்க இயலாதார்க்கு மாதம் 95 டாலர் வாடகைக்கு விட்டனர். 2,000 பிரதிகள் அதில் அடங்கும், மிகுந்த பிரதிகளுக்குத் தனிக் கட்டணம். யந்திரத்தைவிடப் பிரதியிலேதான் வருமானம் என்னும் சூக்ஷுமம் இங்கே தொடங்கியது. ஹாலாய்ட் கம்பெனி 1961-ல் ஜெராக்ஸ் என்ற பெயரையே தாங்கிற்று.

செல்வம் வெள்ளமெனப் பெருகியபோது கார்ல்ஸன் அதைத் தங்கவிடவில்லை. சுமார் 10 கோடி டாலரை அறத்துக்கு வழங்கினார்; பெரும்பாலும் பெயரைச் சொல்லாதே வழங்கினார். 1968-ம் வருஷம் செப்டம்பர் மாதம் 19-ந் தேதி, நியூயார்க்கில் ஒரு படக்கொட்டகையில் அமர்ந்திருந்தவாறே மாரடைப்பால் உயிர்நீத்தார். கேரி ஸ்டார்க்வெதர் என்பார், எழுத்தின் பிம்பத்துக்கு மாற்றாக லேசர்க் கதிரே டிரம்மின்மேல் எழுதுமாறு செய்யும் வேலையைத் தொடங்கினார்.

இவ்வளவும் படித்தபின் சிற்றப்பனாரிடம் நாம் சொல்லியவை சிலவே. உலர்ந்த பொடி எத்தனை நாள் கிடந்தாலும் உறையாது. ஆகவே இடைவிட்டு வேலை நடக்கும் அலுவலகத்துக்கு அதுவே ஏற்றது. டோனரும் டிரம்மும் ஒரே பெட்டியாயின், பொடி தீருந்தோறும் இரண்டையும் மாற்றவேண்டும். தனித்தனியாயின் ஒரு டிரம் பல டோனர்களுக்கு நிற்கும். யந்திரத்தின் விலையைமட்டும் பாராது, மாதத்துக்கு எத்தனை பக்கம் என்றெண்ணிப் பக்கத்துக்கு ஆகும் செலவைக் கணக்கிடுக என்றோம். பொடியை உருக்கும் சூட்டுக்கு மின்சாரம் மிகுதியும் வேண்டுமாதலால், கம்ப்யூட்டருக்கு வைத்துள்ள சிறு யுபிஎஸ்ஸில் இதனை இணைக்கலாகாது. முக்கியமாக, முத்திரைத்தாள் நீண்டது; ஏ4 அளவுள்ள ஸ்கேனர்க் கண்ணாடியில் அடங்காது. மலிவான யந்திரங்கள் பலவற்றில் கண்ணாடி அவ்வளவே. நீண்ட தாளை முழுமையாய் ஏற்கும் யந்திரம் விலை கூடுதலாயினும் அதையே கொள்க என்றோம்.

அவர் மூன்று நாள் தமது பழைய பதிவேட்டைப் புரட்டி, பக்கங்களை எண்ணினார். பிறகு மதுரைக்குச் சென்று, நீண்ட தாள் ஏற்கும் யந்திரத்தையே வாங்கிவந்தார். சாலைப் பக்கத்து ஜன்னலருகே அதை வைக்கவேண்டாம், புழுதி புகும் என்று நாம் சொன்னதை மட்டும் அவர் இன்னும் கேட்கவில்லை. சிற்றன்னையார் பழைய சேலைத் துண்டொன்றால் அதற்கு உறை தைத்துப் போட்டிருக்கிறார்.