முகத்தையே காட்டாத சூப்பர் ஸ்டார்... மெக்சிகோவின் வெள்ளி முகமூடி வீரர் எல் சாந்தோ யார்?

90ஸ் கிட்ஸுக்கு ரே மிஸ்டீரியோவைத் தெரியாமல் இருக்காது. டபிள்யூ.டபிள்யூ.இ. மேட்ச்சில் எதிராளி அவர் முகமூடியில் கை வைத்தாலே நமக்குப் பதறும். ஒரு துணிக்கு ஏன் இவ்வளவு மரியாதை? பதில் மெக்சிகோவில் இருக்கிறது. அங்கே 40 வருஷத்துக்கும் மேலாக ஊர் முன்னால் முகத்தைக் காட்டாமலேயே புகழோடு வாழ்ந்த ஒரு மல்யுத்த வீரர் இருந்தார். அவர்தான் எல் சாந்தோ. ஸ்பானிய மொழியில் ‘புனிதர்’ என்று அர்த்தம். ஆனா பேர்தான் புனிதர், ரிங்குக்குள் அவர் ரொம்ப காலம் பக்கா வில்லன்!

யார் இந்த சாந்தோ?

இயற்பெயர் ரொடோல்ஃபோ குஸ்மான் உவெர்தா. 1917 செப்டம்பர் 23-ம் தேதி, மெக்சிகோவின் இடால்கோ மாநிலத்தில் உள்ள துலான்சிங்கோ என்ற ஊரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பம் தலைநகர் மெக்சிகோ சிட்டிக்குக் குடிபெயர்ந்தது. உழைக்கும் மக்கள் நிறைந்த தெபீத்தோ பகுதியில் வளர்ந்தார். பேஸ்பால், ஜூஜிட்சு, மல்யுத்தம் என எல்லாவற்றிலும் ஆர்வம்.

ரிங்கில் இறங்கிய பிறகு பல பெயர்களில் சண்டை போட்டும் எதுவும் எடுபடவில்லை. ‘வௌவால் 2’ என்ற பெயரை வைத்துக்கொண்டபோது, ஏற்கெனவே ‘வௌவால்’ பெயரில் இருந்த வீரர் புகார் கொடுத்ததால் அதையும் விட வேண்டியதாயிற்று. 1942-ல் மேனேஜர் ஒருவர் வெள்ளி நிற உடையில் புது வீரர்களை இறக்கத் திட்டமிட்டு, மூன்று பெயர்களைச் சொன்னார்: புனிதர், பிசாசு, தேவதை. ரொடோல்ஃபோ முதல் பெயரை எடுத்துக்கொண்டார். அந்த ஆண்டு ஜூலை 26-ம் தேதி, வெள்ளி முகமூடியோடு எல் சாந்தோ முதன்முதலாக ரிங்கில் ஏறினார்.

லுச்சா லிப்ரே என்றால் என்ன?

மெக்சிகோ பாணி தொழில்முறை மல்யுத்தம்தான் லுச்சா லிப்ரே. 1933-ல் சால்வடோர் லுத்தெரோத் என்பவர் தொடங்கிய நிறுவனம் இதை நாடு முழுக்கக் கொண்டுபோனது. இதில் வீரர்கள் இரண்டு கட்சி. விதிப்படி, அழகாகச் சண்டை போடுபவர்கள் ‘தெக்னிக்கோ’. ஏமாற்றி, அடாவடி செய்து ஜெயிப்பவர்கள் ‘ரூடோ’. சுருக்கமா, ஹீரோ-வில்லன்.

அட, முடிவை முன்கூட்டியே பேசி வச்சுக்கிற டிராமாதானே என்று கேட்கலாம். முடிவு பேசி வைத்ததுதான். ஆனால் கயிற்றின் மேலிருந்து பாய்வதும், கீழே விழுகிற வலியும் நிஜம். முகமூடியைப் பந்தயம் வைத்துத் தோற்றால், எல்லோர் முன்னிலையிலும் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும். 1952 நவம்பரில் பிளாக் ஷேடோ என்ற வீரரிடம் சாந்தோ பறித்தது அப்படி ஒரு முகமூடியைத்தான். அந்தத் தோல்விக்குப் பழிவாங்க வந்தவர் பிளாக் ஷேடோவின் ஜோடி வீரரான புளூ டெமன். அடுத்த ஆண்டே சாந்தோவைத் தோற்கடித்து சாம்பியன் பட்டத்தைப் பறித்தார்.

வில்லனை ஹீரோவாக்கிய சண்டை

1952-லேயே சாந்தோவை நாயகனாக வைத்து ஹோசே கி. குரூஸ் வெளியிட்ட காமிக்ஸ் சக்கைப்போடு போட்டது. பின்னர் சினிமா. 1958-ல் கியூபாவில் முதல் படப்பிடிப்பு. அதன்பிறகு ரத்தக்காட்டேரி, மம்மி, செவ்வாய்க் கிரகவாசி என எல்லோரையும் அடித்து நொறுக்கி 50-க்கும் மேற்பட்ட படங்களில் நடித்தார்.

இங்கேதான் சிக்கல். திரையில் குழந்தைகளைக் காப்பாற்றும் ஹீரோ, ரிங்கில் மட்டும் ரூடோவாக அடாவடி செய்தால் எப்படி? இந்தச் சிக்கலைத் தீர்த்தது ஒரு ‘டிரியோஸ்’ மேட்ச்.

டிரியோஸ் என்றால் அணிக்கு மூன்று பேர். மூன்று சுற்றில் இரண்டை ஜெயிக்க வேண்டும். ஒவ்வொரு அணிக்கும் ஒரு கேப்டன். கேப்டனை வீழ்த்தினால் சுற்று முடிந்தது. இல்லையென்றால் மற்ற இருவரையும் வீழ்த்த வேண்டும். ரிங்கை விட்டு ஒருவர் வெளியே போனாலே கூட்டாளி உள்ளே வரலாம். அதனால் ஆட்டம் நிற்காமல் ஓடும். சூடேறினால் ஆறு பேரும் ஒரே நேரத்தில் மோதுவார்கள். யார் யாரைக் காப்பாற்ற வருகிறார், யார் கைவிடுகிறார் என்று பார்ப்பதுதான் இதன் சுவாரஸ்யமே.

1962-ல் சாந்தோ, எஸ்பாந்தோஸ் என்ற ரூடோ ஜோடியோடு சேர்ந்து அப்படி ஒரு மேட்ச் ஆடினார். தோளோடு தோள் நின்ற அந்த இருவருமே கடைசியில் அவர் மீது பாய்ந்து அடித்து நொறுக்கினார்கள். அத்தனை காலம் வில்லனாக இருந்தவர் நம்பியவர்களிடமே அடிவாங்கிக் கிடந்தார். அதன்பிறகு அவர் தெக்னிக்கோ. மனம் மாறிவிட்டேன் என்று மைக் பிடித்துப் பேசத் தேவையே இருக்கவில்லை. ஒரு நல்ல டிரியோஸ் மேட்ச்சின் பலம் இதுதான்.

கதையில் இல்லாத ஒன்று

சுமார் 20 ஆண்டுகள் கழித்து, வயது 60-ஐத் தாண்டிய நிலையில், இன்னொரு டிரியோஸ் மேட்ச். எதிரில் ‘மரணத்தின் தூதர்கள்’ என்ற இளம் ரூடோ அணி. ஆட்டத்தின் நடுவே சாந்தோ ரிங்கிலேயே சரிந்தார். இது யாரும் பேசி வைத்ததல்ல, நிஜமான மாரடைப்பு. கூட இருந்த உராக்கான் ராமிரெஸ் சட்டென்று செயல்பட்டதால்தான் உயிர் தப்பினார்.

சாந்தோவையே சாய்த்தவர்கள் என்ற பெயரோடு அந்த ரூடோ மூவரும் உச்சிக்குப் போனார்கள். மெக்சிகோவில் டிரியோஸ் ஆட்டம் பெரிய அளவில் பரவியதற்கும் அவர்களே முக்கியக் காரணம். ஒரு கிழவரின் உயிர் ஊசலாடியதும் அந்த விளையாட்டின் விளம்பரமாகிப்போனது என்பது நெருடலான உண்மை.

1982 செப்டம்பர் 12-ல் சாந்தோ கடைசியாக ரிங்கில் இறங்கினார். எதிர் அணியில் நின்றவர்களில் அதே மூவரும் உண்டு! சாந்தோவின் பக்கம் நின்றவர்களில் ஒருவர், அவருடைய பழைய ஜோடி கோரி குவெரேரோ. நம்ம 90ஸ் கிட்ஸுக்குத் தெரிந்த எடி குவெரேரோவின் அப்பா!

முகமூடியோடு அடக்கம்

முகமூடியைப் பந்தயம் வைத்த ஒரு சண்டையிலும் சாந்தோ தோற்றதில்லை. 1984 ஜனவரியில் ஒரு டி.வி. நிகழ்ச்சியில், யாரும் எதிர்பாராத நேரத்தில் தானாகவே அதைக் கொஞ்சம் விலக்கி முகத்தைக் காட்டினார். சில நாட்களிலேயே, பிப்ரவரி 5-ம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 66. இறுதி ஊர்வலத்தில் ஆயிரக்கணக்கானோர் திரண்டனர். அந்த வெள்ளி முகமூடியோடே அடக்கம் செய்யப்பட்டார்.

2018-ல் மெக்சிகோ சிட்டி நிர்வாகம் லுச்சா லிப்ரேயை நகரின் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. சாந்தோவின் இளைய மகனும் ‘சாந்தோவின் மகன்’ என்ற பெயரிலேயே அதே வெள்ளி முகமூடியோடு களமிறங்கினார். அடுத்த முறை ஏதாவது ஒரு மேட்ச்சில் முகமூடியை இழுக்கும்போது கூட்டம் ஏன் அப்படிக் கத்துகிறது என்று யாராவது கேட்டால், இந்தக் கதையைச் சொல்லுங்கள்.