இரைச்சலை வென்றவர்

தீபாவளிக் காலத்தில் சிராங்கூன் சாலை வாகனங்களால் நிறைந்திருக்கும். சாலையின் மேலே மின்விளக்குத் தோரணங்கள் ஒளிரும். அத்தனைக்கும் நடுவே, மெதுவாக நகரும் டாக்சியில் ஒலி 96.8 பண்பலையின் பாடல் தெளிவாகக் கேட்கும். இந்தத் தெளிவுக்கு வழிவகுத்தவர் எட்வின் ஹாவர்ட் ஆம்ஸ்ட்ராங்.

ஆம்ஸ்ட்ராங் 1890ஆம் ஆண்டு நியூயார்க்கில் பிறந்தார். சிறு வயது முதலே அவருக்கு வானொலிக் கருவிகளில் மிகுந்த நாட்டம் இருந்தது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்தபோதே, மெல்லிய வானொலி அலைகளைப் பன்மடங்கு பெருக்கும் மின்சுற்றை 1912இல் உருவாக்கினார்.

அக்கால ஒலிபரப்பில், ஒலிக்கு ஏற்ப வானொலி அலையின் உயரம் கூடும், குறையும். மின்னல் வெட்டினாலும், காரின் எஞ்சினில் தீப்பொறி பறந்தாலும், அங்கு எழும் மின் அலைகள் அந்த உயரத்தைக் குலைத்துவிடும். பாடல் எது, இரைச்சல் எது என்று வானொலிப் பெட்டியால் பிரித்தறிய முடியவில்லை. அதனால் கரகரவென்ற ஓசையும் சேர்ந்தே கேட்டது.

ஆம்ஸ்ட்ராங் வேறு வழியைத் தேடினார். அலையின் உயரத்தை மாற்றாமல், அதன் அதிர்வெண்ணை மட்டும் ஒலிக்கு ஏற்ப மாற்றினார். உயரத்தில் ஏற்படும் மாற்றத்தைப் பொருட்படுத்தாத வானொலிப் பெட்டியையும் வடிவமைத்தார். இம்முறையால் பயனில்லை என்று வல்லுநர்கள் பலர் கருதியிருந்தனர். அவரோ அகலமான அலைவரிசையைப் பயன்படுத்தி இரைச்சலைப் பெரிதும் குறைத்துக் காட்டினார். 1933இல் இதற்கான காப்புரிமையைப் பெற்றார். 1935இல் பொறியாளர்கள் முன்னிலையில் அதை இயக்கிக் காட்டியபோது, குவளையில் தண்ணீர் ஊற்றும் ஓசைகூடத் துல்லியமாகக் கேட்டது.

ஆயினும், பாதை எளிதாக அமையவில்லை. அவருடைய நண்பர் டேவிட் சார்னாஃப் தலைமை தாங்கிய ஆர்சிஏ நிறுவனம் தொலைக்காட்சிக்கே முதலிடம் தந்தது. பின்னர், 1940இல், பண்பலை உரிமைக்காக 1 மில்லியன் டாலர் தர முன்வந்தது. மற்ற நிறுவனங்கள் விற்பனைக்கு ஏற்ப உரிமைத்தொகை செலுத்தும்போது, ஒன்றுக்கு மட்டும் சலுகை அளிப்பது நியாயமன்று என்று எண்ணி ஆம்ஸ்ட்ராங் அதை மறுத்துவிட்டார்.

1945இல் அமெரிக்க அரசு பண்பலைக்கான அலைவரிசையை மாற்றியது. மக்கள் வாங்கியிருந்த வானொலிப் பெட்டிகள் பயனற்றுப் போயின. 1948இல் ஆம்ஸ்ட்ராங் ஆர்சிஏ மீது வழக்குத் தொடுத்தார். வழக்கு ஆண்டுக்கணக்கில் நீண்டது; அவருடைய செல்வமும் மனவலிமையும் கரைந்தன. 1954 ஜனவரியில், மனமுடைந்த நிலையிலேயே அவர் மறைந்தார்.

அவருடைய மனைவி மேரியன் போராட்டத்தைக் கைவிடவில்லை. நிறுவனம் நிறுவனமாக வழக்காடினார். 1967இல் முடிந்த கடைசி வழக்கிலும் வெற்றி ஆம்ஸ்ட்ராங் பக்கமே அமைந்தது. அந்தத் தீர்ப்பைக் கேட்க அவர் உயிருடன் இல்லை. ஆனால், அவர் கண்ட வழியில்தான் இன்றும் உலகெங்கும் பண்பலை ஒலிக்கிறது.