நகரத்தை முழுதாகப் பார்த்த உயிரியலாளர்

ஒரு நகரம் ஏன் இந்த வடிவில் இருக்கிறது என்பதை அறிய எந்தத் துறையைப் படிக்க வேண்டும்? வரலாறா, புவியியலா, சுகாதாரமா, பொருளியலா? இவற்றில் ஒன்று மட்டும் போதாது என்று வாழ்நாள் முழுவதும் வாதாடியவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பேட்ரிக் கெடஸ். அவர் கட்டடக் கலைஞரும் அல்லர், பொறியாளரும் அல்லர். அவர் படித்தது உயிரியல்.

1854இல் பிறந்த கெடஸ், லண்டனில் உயிரியல் அறிஞர் ஹக்ஸ்லியிடம் பயின்றார். 1879இல் ஆய்வுக்காக மெக்சிகோ சென்றபோது அவரது பார்வை பாதிக்கப்பட்டது. இருண்ட அறையில் வாரக்கணக்கில் கிடந்தார். நுண்ணோக்கியை நம்பியிருந்த இளைஞருக்கு அது பேரிடி. ஒருநாள் சன்னலைத் தடவிப் பார்த்தபோது, அதன் கட்டங்கள் அவருக்கு ஒரு வழியைக் காட்டின. தாளைக் கட்டம் கட்டமாக மடித்து, ஒவ்வொரு கட்டத்துக்கும் ஒரு கருத்தை ஒதுக்கி, அவற்றுக்கிடையே உள்ள தொடர்பைச் சிந்திக்கத் தொடங்கினார். பார்வை திரும்பிய பிறகும் அந்தப் பழக்கம் அவரை விடவில்லை. இடம், தொழில், மக்கள் ஆகிய மூன்றையும் அந்தக் கட்டங்களில் வைத்தே பின்னாளில் நகரங்களை ஆராய்ந்தார்.

1886இல் அன்னா மார்ட்டனை மணந்தார். தம்பதியர் எடின்பரோவின் நெரிசலான பழைய பகுதியில் குடியேறி, அண்டை வீட்டாரோடு சேர்ந்து சுற்றுப்புறத்தைச் சீர்படுத்தினர். 1892இல் அங்கிருந்த ஒரு கோபுரத்தைக் கெடஸ் காட்சியகமாக்கினார். உச்சியில் நகரின் நேரடிக் காட்சி தெரியும். ஒவ்வொரு மாடியாக இறங்கினால் எடின்பரோ, ஸ்காட்லாந்து, ஐரோப்பா என விரிந்து, தரைத்தளத்தில் உலகமே காத்திருக்கும்.

1914இல் சென்னை மாகாண ஆளுநரின் அழைப்பில் இந்தியா வந்தார். பல ஆண்டுகள் சேர்த்த வரைபடங்களும் படங்களும் தனிக் கப்பலில் வந்தன. வழியில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் அதை மூழ்கடித்தது. அதே அக்டோபர் மாதத்தில் பினாங்குத் துறைமுகத்தைத் தாக்கியதும் இந்த எம்டன்தான். கெடஸ் மனம் தளரவில்லை. நண்பர்கள் புதிதாகத் திரட்டிக் கொடுத்தவற்றைக் கொண்டு 1915இல் சென்னையில் கண்காட்சி நடத்தினார்.

நெரிசலான குடியிருப்புகளை இடித்து நேர்கோட்டில் அகலத் தெரு வெட்டுவதே அப்போது முன்னேற்றமாகக் கருதப்பட்டது. தஞ்சாவூரில் அத்தகைய திட்டம் ஒன்றைக் கெடஸ் ஆராய்ந்தார். வரைபடத்தில் நேராகத் தெரிந்த கோடு, தரையில் பல குடும்பங்களின் வீட்டைப் பறிக்கும் என்று கண்டார். சந்து சந்தாக நடந்து சென்று பார்த்தார். பாழடைந்த சில வீடுகளை மட்டும் அகற்றி, இடைவெளிகளைத் திறந்து, மரம் நட்டால் காற்றும் வெளிச்சமும் கிடைக்கும், செலவும் வெகுவாகக் குறையும் என்று காட்டினார். நோயுற்ற பகுதியை மட்டும் தொட்டு உடலைக் காக்கும் அறுவை சிகிச்சையோடு இம்முறையை ஒப்பிட்டார்.

1917 அவரை உலுக்கியது. மகன் அலாஸ்டேர் பிரான்ஸ் போர்க்களத்தில் மாண்டார். சில வாரங்களில் அன்னாவும் கல்கத்தாவில் காய்ச்சலால் இறந்தார். துயரத்தைச் சுமந்தபடியே கெடஸ் இந்தூருக்குச் சென்றார். அங்கே பிளேக் நோய் அச்சுறுத்தியது. மன்னரின் இசைவோடு தீபாவளியை ஒட்டி ஓர் ஊர்வலம் ஏற்பாடு செய்தார். எந்தத் தெருக்கள் அதிகத் தூய்மையோ, அவற்றின் வழியே ஊர்வலம் செல்லும் என்று அறிவித்ததும் மக்கள் போட்டி போட்டுக் குப்பையை அகற்றினர். எலி எப்படி நோயைப் பரப்புகிறது என்பது மருத்துவ அறிவு. மக்கள் எதற்காகத் துடைப்பத்தை எடுப்பார்கள் என்பது சமூக அறிவு. இரண்டும் சேர்ந்தபோதுதான் தெரு தூய்மையானது.

1919இல் பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் பேராசிரியரானார். பின்னர் டெல் அவிவ் நகருக்குத் திட்டம் வரைந்தார். 1932இல் பிரான்சின் மோன்பெலியேவில் காலமானார். அவர் பரிந்துரைகளில் பல ஏட்டோடு நின்றுபோயின. ஆனால் திட்டம் தீட்டுமுன் நகரைப் பல கோணங்களில் ஆராய வேண்டும் என்ற அவரது முறை நிலைத்துவிட்டது.

மாணவர்களே, உங்கள் வட்டாரத்தின் பழைய தெரு ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். பழைய வரைபடம் ஒன்றைத் தேடுங்கள். கடைகளை எண்ணுங்கள், மழைநீர் எங்கே ஓடுகிறது என்று பாருங்கள், அங்குள்ள முதியவர்களிடம் பேசுங்கள். இவற்றை ஒரே தாளில் அருகருகே எழுதினால், அந்தத் தெரு ஏன் அப்படி வளைந்திருக்கிறது என்பது மெல்லப் புலப்படும்.