கடலை எண்ணெயில் ஓடிய இன்ஜின்: யார் இந்த ருடால்ஃப் டீசல்?

அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போகும் டிப்பர் லாரிகளைப் பார்த்திருப்பீர்கள். பெரம்பலூர் பக்கம் வந்தால் மக்காச்சோளக் காட்டில் டிராக்டர். இரண்டுக்கும் ஊற்றுவது டீசல். அது ஒரு மனிதரின் பெயர் என்பது நமக்கு ஞாபகத்திலேயே இருப்பதில்லை.

ருடால்ஃப் டீசல் 1858-ல் பாரிஸில் பிறந்தவர். பெற்றோர் ஜெர்மன்காரர்கள். 1870-ல் பிரான்ஸுக்கும் பிரஷ்யாவுக்கும் போர் மூண்டதால் குடும்பம் லண்டனுக்குப் போக வேண்டியதாயிற்று. 12 வயதுப் பையனை மட்டும் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். படிப்பில் கெட்டி. மியூனிக்கில், குளிர்பதன இயந்திரங்களுக்குப் பேர்போன கார்ல் வான் லிண்டேயிடம் படித்துவிட்டு, அவருடைய தொழிலிலேயே வேலைக்கும் சேர்ந்தார்.

அவரை உறுத்தியது நீராவி இன்ஜின். எரிக்கும் நிலக்கரியில் பெரும்பகுதி வீணாகத்தான் போனது. காற்றை பலமாக அமுக்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதேதான். அந்தச் சூட்டிலேயே எரிபொருளைப் பற்ற வைத்தால் என்ன? 1893-ல் காப்புரிமை கிடைத்தது. அதே வருடம் நடந்த முதல் சோதனையில் அழுத்தம் அளக்கும் கருவி வெடித்துச் சிதறியது. விடவில்லை. 1897-ல் ஆக்ஸ்பர்க் ஆலையில் ஓடிய இன்ஜின், எரிபொருளின் ஆற்றலில் சுமார் 26 சதவீதத்தை வேலையாக மாற்றியது.

அடுத்து நடந்ததுதான் வாட்ஸ்அப்பில் சுற்றும் கதை. 1900 பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் இன்ஜின் கடலை எண்ணெயில் ஓடியது உண்மை. ஆனால், ஓட்டிக் காட்டியது ஓட்டோ கம்பெனி. கேட்டது பிரான்ஸ் அரசு. அதன் ஆப்பிரிக்கக் காலனிகளில் நிலக்கடலை ஏராளம். டீசலுக்கு இதில் ஆர்வம் பிறகுதான் வந்தது. வெப்ப நாடுகள் தங்கள் எண்ணெய் வித்துகளிலேயே இன்ஜின் ஓட்டலாம் என்று 1912 வாக்கில் எழுதினார், பேசினார்.

அதற்குள் கடன் கழுத்தை நெரித்தது. 1913 செப்டம்பர் 29 இரவு, ஆன்ட்வெர்ப்பிலிருந்து இங்கிலாந்துக்குப் போன கப்பலிலிருந்து காணாமல் போனார். சில நாள் கழித்துக் கடலில் கிடைத்த உடலில் இருந்த பொருட்களை வைத்து மகன் அடையாளம் காட்டினார். தற்கொலையா, கொலையா என்ற விவாதம் இன்னும் ஓயவில்லை.

பெட்ரோலிய டீசல் மலிவாகக் கிடைத்ததால் தாவர எண்ணெய் மறக்கப்பட்டது. பச்சை எண்ணெய் பிசுக்காக இருப்பதால், இன்றைய இன்ஜினில் ஊற்றினால் இன்ஜெக்டர் அடைத்துக்கொள்ளும். அதனால் மெத்தனாலும் காரமும் சேர்த்து, கிளிசரினைப் பிரித்தெடுக்கிறார்கள். மிஞ்சுவதுதான் பயோடீசல். புகைக்கரி குறைவு, நைட்ரஜன் ஆக்சைடு மட்டும் கொஞ்சம் கூடலாம்.

ஆனால் உண்மையான கணக்கு புகைக்குழாயில் இல்லை, நிலத்தில் இருக்கிறது. பாமாயிலுக்காக இந்தோனேசியாவில் காடு அழிந்தால், மிச்சமாகும் கார்பனைவிட வெளியேறும் கார்பன் அதிகம். நம் ஊரில் 2003 முதல் காட்டாமணக்கு அலை அடித்தது. தரிசிலும் செழிக்கும் என்றார்கள். கோவை, திருவண்ணாமலை மாவட்டங்களில் நடந்த ஆய்வில், சொன்ன விளைச்சலுக்குப் பக்கத்தில்கூட வரவில்லை. தண்ணீர் பாய்ச்ச முடியாத சிறு விவசாயிதான் அடிபட்டார். சாப்பாட்டுப் பயிர் விளைந்த மானாவாரி நிலமும் அதற்குப் போனது. பெரம்பலூர், அரியலூர் மாதிரி மழையை நம்பிய மாவட்டங்களுக்கு இது சும்மா கடந்துபோகிற தகவல் இல்லை.

புங்கம், வேம்பு, இலுப்பை எண்ணெய்களிலும் பயோடீசல் வரும். வரப்போரம், சாலையோரம் நிற்கும் மரங்கள் என்பதால் வயலைப் பறிக்காது. விதை பொறுக்கக் கூலி கட்டுப்படியாவதுதான் சிக்கல். இப்போதைக்கு நிலமே கேட்காத மூலப்பொருள், பஜ்ஜிக் கடையில் மிஞ்சும் எண்ணெய். திரும்பத் திரும்பச் சுட்டுக் கெட்டுப்போன எண்ணெயைச் சமையலுக்குப் பயன்படுத்த 2018-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வரம்பு கட்டியது. அப்படிக் கழியும் எண்ணெயைச் சேகரித்து பயோடீசல் ஆலைக்கு அனுப்பும் திட்டமும் அதே வருடம் தொடங்கியது.